இருபதுக்குள் ஓர் எண்

அமெரிக்காவில், பிட்ஸ்பர்க் நகரம் இருக்கிற அலிகேனி மாவட்டத்தில், ஒரு குழந்தை வீட்டில் துன்புறுத்தப்படுகிறது என்று யாராவது போன் செய்தால், கம்ப்யூட்டர் 1 முதல் 20 வரை ஓர் எண்ணைக் காட்டும். வீட்டுக்குப் போய் விசாரிக்கலாமா என்று போனை எடுத்தவர் முடிவெடுக்க அது உதவும். 2016 ஆகஸ்டிலிருந்து இப்படி. ரேமா வைத்தியநாதன், எமிலி பட்னம்-ஹார்ன்ஸ்டீன் என்ற ஆய்வாளர்களும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து செய்தது.

நான் எஞ்சினியர். முதலில் எனக்கு, நல்லாதானே இருக்கு என்றுதான் பட்டது. போன் எடுக்கிறவருக்குச் சோர்வு இருக்கும், முன்முடிவு இருக்கும். எந்திரத்துக்கு அது கிடையாதே?

ஆனால் அது எதைக் கணிக்கிறது என்று பாருங்கள். துன்புறுத்தலை அல்ல, அதை அளக்கக் கருவி கிடையாது. இரண்டு வருடத்துக்குள் அந்தக் குழந்தையை வீட்டிலிருந்து பிரித்துவிடுவார்களா என்பதை. முதல் வடிவத்தில், மறுபடியும் புகார் வருமா என்பதையும் கணித்தது. அதாவது அக்கம்பக்கமும் அரசாங்கமும் என்ன செய்யும் என்ற கணிப்பு. தரவு எங்கிருந்து? ஆரம்பத்தில் அரசு உதவித்தொகை, சிறை, அரசு மனநலச் சேவை. சொந்தக் காசில் டாக்டரைப் பார்க்கும் குடும்பம் அதில் பெரும்பாலும் இல்லை. 2018இல் வர்ஜீனியா யூபாங்க்ஸ் தன் புத்தகத்தில் இதைத்தான் கேட்டார். சென்சார் பொருத்திய அறையில்தான் சூடு தெரியும். மற்ற அறைகள் குளிர்ச்சி என்று அர்த்தமில்லை.

நியாயமாகச் சொன்னால், அவர்கள் பெரும்பாலும் வெளிப்படையாகவே நடந்துகொண்டார்கள். நேரில் விசாரிக்கப் போகிறவருக்கு எண்ணைக் காட்டுவதும் இல்லை.

என்னை அதிகம் தொந்தரவு செய்வது நியூசிலாந்துக் கதை. பிறந்த குழந்தைகளுக்கு ஆபத்து மதிப்பெண் போட்டு, இரண்டு வருடம் தலையிடாமல் கவனித்து, கணிப்பு பலித்ததா என்று பார்க்க ஒரு திட்டம் வந்தது. 2015இல் அமைச்சர் ஆன் டோலி நிறுத்திவிட்டார். குழந்தைகள் ஆய்வுக்கூட எலிகள் இல்லை என்றார். அவர் பக்கம்தான் நானும். இருந்தாலும் ஒரு உறுத்தல். தலையிட்டுவிட்டால் கணிப்பு சரியா என்று தெரியாது. சோதிக்காத கருவியை நேரே வேலைக்கு இறக்கினால் அதுவும் குழந்தைகள் மேல் நடக்கிற சோதனைதானே? பெயர்தான் வேறு.

சம்மதம் கேட்கலாம் என்றால் யாரிடம்? குழந்தைக்கு வயதில்லை. பெற்றோர் மேலேயே சந்தேகம். அதனால் பல்கலைக்கழகமும் அரசாங்கமும் கையெழுத்துப் போட்டால் போதும் என்று ஆகிவிடுகிறது. எனக்குத் தோன்றுவது: சின்ன வயதில் இப்படிப் பிரிக்கப்பட்டவர்கள், பிரிக்கப்படாமல் விடப்பட்டவர்கள், இன்றைக்கு வளர்ந்த ஆட்களாக இருக்கிறார்கள். எதைக் கணிப்பது என்று முடிவாகும் முதல் கூட்டத்திலேயே அவர்களுக்கு நாற்காலி வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் அதிகாரத்தோடு.