எலுமிச்சம்பழமும் ஜாக்கியும்

லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையை ஒட்டிய கோயில்களில் வண்டிப் பூஜை வழக்கமான காட்சி. பானெட்டில் சந்தனமும் குங்குமமும், கண்ணாடிக்குக் கீழே மாலை, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம். சூடம் காட்டி முடிந்ததும் வண்டி அந்தப் பழங்களை நசுக்கிக்கொண்டு மெல்ல நகரும். பள்ளி விடுமுறை வந்தால் இப்படிப் பூஜை போட்ட வண்டிகள் உட்லண்ட்ஸ் வழியாகவோ துவாஸ் வழியாகவோ மலேசியாவுக்குள் நுழைந்து கேமரன் மலைக்கும் பினாங்குக்கும் போகின்றன. மலேசியாவில் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும் மோட்டார்ஹோமில் குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறவர்களும் உண்டு. பயணத்தை ஆண்டவன் பொறுப்பில் விட்டாயிற்று. அதற்குப் பிறகும் ஜாக்கி, ஸ்பேனர், உதிரி ஃபியூஸ், டயர் அழுத்தமானி என்று பெட்டி நிறைய எடுத்து வைப்பது நம்பிக்கைக் குறைவா? பார்ப்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் மனித முயற்சிக்கும் அருளுக்கும் உள்ள உறவைப் பற்றி நம் சமயங்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டது இதே கேள்வியைத்தான். அந்தப் பெட்டியைத் தயார் செய்வது பூஜைக்குத் துணையாகச் செய்யும் உலகியல் வேலை அல்ல, அதுவும் பூஜையே என்பது என் கட்சி.

முதலில் வண்டியைப் பார்ப்போம். மோட்டார்ஹோம் சாதாரணக் கார் அல்ல. ஒரு வீட்டின் எடையை எப்போதும் சுமந்து நிற்கிறது. அதே சமயம் ஆண்டில் பெரும்பகுதி ஓடாமல் நிற்கிறது. அதனால் அதன் டயர்கள் தேய்வதற்கு முன்பே கிழடாகிவிடுகின்றன. மேலே பட்டைகள் ஆழமாக, புதிதாகத் தெரியும். பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருக்கும். நம்முடைய நிலநடுக்கோட்டு வெயில் அதை இன்னும் வேகப்படுத்தும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருப்பார்கள். 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். காற்றழுத்தத்தை வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும். சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் கொஞ்ச தூரம் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். எரிவாயு ரப்பர்க் குழாய்க்கும் ஆயுள் உண்டு. சோப்பு நுரை தடவினால் கசிவு குமிழியாகக் காட்டிக் கொடுக்கும். இதில் ஒன்றுக்கும் பொறியியல் படிப்பு வேண்டாம். நின்று, குனிந்து, தொட்டுப் பார்க்கும் பொறுமை இருந்தால் போதும்.

இந்தப் பொறுமைக்குச் சமயத்தில் என்ன இடம் என்று கேட்பவர் நம் கோயில்களையே பார்க்கலாம். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் 1827இல் நாராயண பிள்ளை நிறுவியது. அதன் அண்மைக் குடமுழுக்கு 2023 பிப்ரவரி 12இல் நடந்தது. அதற்கு முன் ஏறத்தாழ ஓராண்டு, சுமார் 35 லட்சம் வெள்ளி செலவில் திருப்பணி நடந்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று வழக்கம் வகுத்திருக்கும் இந்தக் காரியத்தின் உள்ளடக்கம் என்ன? விரிசலைப் பூசுவது, ஒழுக்கை அடைப்பது, சுதைச் சிற்பங்களைச் சீர்செய்து வண்ணம் தீட்டுவது, சிலையைப் பீடத்தோடு பிணைக்கும் மருந்து தளர்ந்திருந்தால் எடுத்துவிட்டுப் புதிதாகச் சாத்துவது. வேலை நடக்கும் வரை தெய்வத்தின் சக்தியைப் பாலாலயம் என்ற தற்காலிகச் சந்நிதிக்கு மாற்றி, அங்கே வழிபாடு தொடர்கிறது. பராமரிப்பை முடித்துவிட்டு வந்து கும்பிடு என்று ஆகமம் சொல்லவில்லை. பழுது பார்ப்பதையே சடங்கின் நடுவில் வைத்து, அதற்கு ஜீர்ணோத்தாரணம் என்று பெயரும் கொடுத்தது. சர்வ வல்லமை உள்ளவள் குடியிருக்கும் வீட்டுக்கே கொத்தனார் தேவை என்று ஒப்புக்கொண்ட சமயம், நம் வண்டிக்கு மெக்கானிக் வேண்டாம் என்று சொல்லுமா?

நகரும் வீடு என்று பார்த்தாலும் நம்மிடம் பழைய முன்மாதிரி உண்டு. தேர் என்பது தெய்வம் ஏறிச் செல்லும் வீடு. தைப்பூசத்துக்கு முதல் நாள் தேங்க் ரோடு தெண்டாயுதபாணி வெள்ளி ரதத்தில் ஏறி, கியோங் சைக் சாலை லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குப் போய்த் திரும்புகிறார். திருவாரூர் ஆழித்தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் பொருத்தித் தந்தது திருச்சி பெல் நிறுவனம். அதற்குப் பிறகும் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தோடு சக்கரமாக நடக்கிறார்கள். தேரோட்டத்தின்போது வீதியில் மின்சாரத்தை நிறுத்துவதும் வழிபாட்டு ஏற்பாட்டில் சேர்ந்துவிட்டது. இந்த ஏற்பாடுகள் தவறினால் என்ன ஆகும் என்பதைத் தஞ்சாவூர் அருகே களிமேடு காட்டியது. 2022 ஏப்ரல் 27 அதிகாலை, அப்பர் குருபூஜைத் தேரின் உச்சி உயரழுத்த மின்கம்பியில் உரசியதில் 11 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. அந்த ஊராரின் பக்தியில் குறை காண எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் பக்தி கம்பியின் உயரத்தை அளந்து தராது. அளப்பது மனிதன் செய்ய வேண்டிய வேலை. சாமியைத் தேரில் ஏற்றுகிறவன் கடமை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

வைணவர் ஒருவர் இங்கே வலுவான ஆட்சேபம் எழுப்பலாம். சரணாகதி என்றால் தன் முயற்சி எதையும் பற்றாமல் இருப்பதல்லவா? குட்டிக் குரங்கு தாயைத் தானே இறுகப் பிடித்துக்கொள்கிறது; பூனைக்குட்டியோ ஒன்றும் செய்வதில்லை, தாய்தான் கவ்விச் செல்கிறது. வடகலையார் முன்னதையும் தென்கலையார் பின்னதையும் சொல்வார்கள். பூனைக்குட்டியின் கையில் ஸ்பேனர் எதற்கு? இந்தக் கேள்விக்குத் தென்கலை மரபே வாழ்க்கையால் விடை சொல்லியிருக்கிறது. அந்த நெறிக்கு இலக்கணம் வகுத்த பிள்ளை லோகாசாரியர் காலத்தில், 1323இல், டில்லிப் படை திருவரங்கத்தின் மேல் வந்தது. பெருமாள் தம்மைத் தாமே காத்துக்கொள்வார் என்று அவர் உட்கார்ந்திருக்கவில்லை. மூலவருக்கு முன் கல்திரை எழுப்பி மறைத்தார்கள் என்கிறது மரபு. உற்சவரான நம்பெருமாளை எடுத்துக்கொண்டு தள்ளாத வயதில் தெற்கே நடந்தார் ஆசாரியர்; மதுரை அருகே ஜோதிஷ்குடியில் உயிர் விட்டார். பிறகு மலையாளம், மேல்கோட்டை, திருப்பதி என்று அலைந்த நம்பெருமாள் 1371இல்தான் அரங்கம் திரும்பினார். நாற்பத்தெட்டு ஆண்டுகள் சந்நிதியில்லாப் பயணம். கைமாறிக் கைமாறி அவரைச் சுமந்தவர்களின் உழைப்பைச் சரணாகதிக்கு விரோதம் என்று அந்த மரபில் யாரும் சொன்னதில்லை. காரணம் இதுதான்: முயற்சியை மோட்சத்துக்கு விலையாகக் கொடுப்பதைத்தான் அவர்கள் மறுத்தார்கள், கைங்கரியத்தை மறுக்கவில்லை. பலனை வாங்குவதற்காக இல்லாமல், தன்னிடம் ஒப்படைக்கப்பட்டதைப் பேணுவதே தன் இயல்பு என்று செய்வது கைங்கரியம். வண்டியில் பின்னால் தூங்கும் பாட்டியும் பேரனும் அப்படி ஒப்படைக்கப்பட்டவர்கள். அவர்களுக்காகப் பிரேக் பார்ப்பவன் ஆண்டவனை நம்பாதவன் ஆகிவிடமாட்டான். மாறாக, எலுமிச்சம்பழம் வைத்துவிட்டேன், இனி டயர் உன் பாடு என்கிறவன்தான் அருளோடு பேரம் பேசுகிறான்.

எதிர்த் திசையிலிருந்தும் ஒரு ஆட்சேபம் உண்டு. அதை நான் மதிக்கிறேன். எல்லாவற்றுக்கும் உதிரி, எல்லாவற்றுக்கும் கருவி என்று அடுக்கிக்கொண்டே போவது பயத்தின் வேலை, உலகம் தன் பிடியில் இருக்க வேண்டும் என்ற ஆசையின் வேலை என்பார்கள். உண்மைதான். மோட்டார்ஹோமில் அந்த ஆசைக்கு உடனே தண்டனையும் உண்டு: ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் அந்தக் கிழட்டு டயரின் மேல்தான் உட்காருகிறது. ஆகவே அளவு வேண்டும். தன் கையால் பயன்படுத்தத் தெரிந்த கருவி, அந்த வண்டிக்குப் பொருந்தும் உதிரி, அவ்வளவே. ஆகமச் சடங்குகளில் பிராயச்சித்தம் என்று ஒரு பகுதி இருப்பதையும் இங்கே நினைக்கலாம். எத்தனை கவனமாகச் செய்தாலும் தவறு நேரும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட அடக்கம் அது. பெட்டியில் முதலுதவிக்கும் எச்சரிக்கை முக்கோணத்துக்கும் இடம் ஒதுக்குவது அதே அடக்கம்தான்.

இத்தனையும் எதற்கு, சிங்கப்பூரில் அரசே சோதனை செய்கிறதே என்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூன்று முதல் பத்து வயது வரையான காருக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கு மேல் ஆண்டுதோறும் சோதனை. அது சோதித்த நாளின் நிலையை மட்டும் சொல்லும். எல்லையைத் தாண்டும் சிங்கப்பூர் வண்டியில் முக்கால் டாங்க் பெட்ரோல் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. ஜாக்கி இருக்கிறதா என்று கேட்பதில்லை. புதுக் கார்கள் பலவற்றில் உதிரிச் சக்கரமே கிடையாது, பஞ்சரை அடைக்கும் திரவம்தான். நெடுஞ்சாலையில் ரோந்து வண்டி வரும், சரி. மலேசியாவின் குவா முசாங் பக்கத்து மலைச் சாலையில் கைப்பேசிக்குச் சிக்னல் இல்லாத இடத்தில், பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாத வண்டிக்காரர் கேட்டால் எடுத்துக் கொடுக்க உங்களிடம் ஒரு ஸ்பேனராவது இருக்க வேண்டாமா?

ஆயுத பூஜைக்கு நாம் கருவிகளைத் துடைத்து, பொட்டிட்டு வைத்து வணங்குகிறோம். அந்த வரிசையில் வண்டியின் ஜாக்கியையும் சக்கர ஸ்பேனரையும் சேர்த்து வையுங்கள். துரு இருந்தால் எண்ணெய் போடுங்கள். வண்டிப் பூஜைக்கு வரும் குடும்பத்திடம் டயரின் அந்த நான்கு இலக்கத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும் என்று நம் கோயில் நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறேன். சூடம் காட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் ஆகும்.