சைவந்தானே என்றால் போதுமா?

ஆத்தூரிலிருந்து குடும்பத்தோடு அயல்நாடு செல்லும் நம்மவர், ஹலால் உணவு கிடைக்காத ஊரில் சைவ உணவகத்தைத் தேடிச் செல்வர். சீரகச்சம்பா பிரியாணிக்குப் பேர்போன திண்டுக்கல் வட்டாரத்தார் இட்லிக்கு அலைகிறார்களே என்று சிலர் நகைப்பதுண்டு. நகைப்புக்குரிய செய்தியன்று அது.

சிங்கப்பூரில் இத்தொல்லை இல்லை. 1947இல் தொடங்கிய கோமள விலாஸும் உண்டு. இஸ்லாமிய சமய மன்றம் 1978 முதல் வழங்கும் ஹலால் சான்றும் உண்டு. ஐரோப்பிய நகரங்களில்தான் வினா எழுகிறது. இறைச்சி இல்லை என்பதாலேயே ஒரு பண்டம் நமக்கு ஆகுமானதாகிவிடுமா? பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளால் உறைய வைத்திருக்கலாம். மிட்டாயில் பன்றித் தோலின் ஜெலட்டின் இருக்கலாம். காளான் குழம்பில் ஒயின் ஊற்றியிருக்கலாம். 1944இல் இங்கிலாந்தில் 'வீகன்' எனப் பெயர் பெற்ற நனிசைவம் முன்னிரண்டையும் விலக்கும், ஒயினை விலக்காது. திருமறை சிறப்பித்துக் கூறும் தேனையோ விலக்கிவிடும்! அவர்கள் வேலி வேறு, நம் வேலி வேறு.

ஐயத்துக்குரியவற்றைத் தவிர்க்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். கேட்கக் கூச்சப்பட்டு, 'சைவந்தானே' எனக் கண்ணை மூடிக்கொள்வது பேணுதலாகாது. கேட்டறிந்து உண்ணும்போதோ, உயிர்க்கொலைக்கு மனம் ஒப்பாத ஒருவரின் நோன்பு நம் பிள்ளைகளின் பசியாற்றுகிறது.

அப்படியிருக்க, ஆத்தூரில் நம் வலீமா விருந்துக்கு வரும் சைவ நண்பர், "இது எந்தச் சட்டியில் சமைத்தது?" என்று வினவினால் நம் முகம் சுருங்குவதேன்? அயல்நாட்டில் நாம் கேட்ட கேள்வியன்றோ அது! அவருக்கெனத் தனி அடுப்பும் தனி அகப்பையும் வைக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. பிரியாணியிலிருந்து கறித்துண்டை ஒதுக்கிவிட்டுப் பரிமாறும் வீடுகளும் உண்டு.