அறியாமையும் பொறுப்பும்

தான் கண்ணாற் காணாத துன்பத்துக்கு ஒருவன் பொறுப்பாளியாவானா என்பது ஒழுக்கவியலின் கடினமான வினாக்களுள் ஒன்றாகும். அமெரிக்க வரலாற்றாசிரியர் ஹவார்ட் சின் (1922–2010) அவர்களின் வாழ்க்கை இவ்வினாவுக்கு ஓர் உரைகல்லாகும்.

பாசிசத்தை எதிர்க்கும் நோக்குடன் 1943இல் விமானப்படையிற் சேர்ந்த அவர், 1945 ஏப்ரலில் பிரான்சின் றோயான் நகர்மீது நேபாம் குண்டுகளை வீசியோருள் ஒருவர். ஐரோப்பாவில் யுத்தம் முடிவுற ஏறத்தாழ மூன்று வாரங்களே எஞ்சியிருந்தன. பல்லாயிரம் அடி உயரத்திலிருந்த அவருக்குக் கீழிருந்தோரின் அலறல் கேட்கவில்லை. யுத்தத்தின் பின் முன்னாட் படையினருக்கான அரச உதவியுடன் கற்று, 1956இல் அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரியில் ஆசிரியரானார். 1966இல் றோயானுக்குச் சென்று, ஆவணங்களை ஆராய்ந்து, 1970இல் வெளியான தமது நூலில் அத்தாக்குதல் அவசியமற்றதென நிறுவ முயன்றார்.

அறியாமை இருவகைப்படும். அறிய வழியின்மையால் விளைவது ஒன்று. அறிய விரும்பாமையால் விளைவது மற்றொன்று. முன்னையது குற்றத்தைத் தணிக்கும். பின்னையது தானே குற்றமாகும். விமானத்திலிருந்த இளைஞரின் அறியாமை பெரிதும் முன்னையதே. எனினும், அறியும் வாய்ப்புக் கிட்டிய பின்னும் அவர் தேடாதிருந்திருப்பின் அது பின்னையதாக மாறியிருக்கும்.

ஆராய்ச்சி இறந்தோரை மீட்குமா எனச் சிலர் வினவலாம். மீட்காது, ஆதலின் அதனைப் பிராயச்சித்தமெனக் கொள்வதும் பொருந்தாது. ஆயின், நாளை கட்டளை பெறப்போகும் இளைஞருக்கு உண்மை கடமைப்பட்டதாகும். மாணவியரின் குடியுரிமைப் போராட்டத்துக்குத் துணைநின்ற சின், 1963இல் கீழ்ப்படியாமையின் பேரில் ஸ்பெல்மனிலிருந்து நீக்கப்பட்டார். ஒருகாற் கேள்வியின்றிக் கீழ்ப்படிந்தவர், கீழ்ப்படிதலின் எல்லையைக் கற்பிப்பதற்கு அவ்விலையைக் கொடுத்தார். பொறுப்பு என்பது செயலுடன் முடிவதன்று. அறிதலுடன் அது வளர்வதாகும்.