முடிவு தெரிந்த கதையில் முயற்சிக்கு என்ன மதிப்பு?

சரித்திர நாவலின் முடிவு, அதன் முதல் வரி எழுதப்படுவதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே தீர்ந்துவிட்ட ஒன்று. அருள்மொழிவர்மன் கி.பி. 985இல் அரியணை ஏறி ராஜராஜ சோழன் ஆனான். அவனுடைய அண்ணன் ஆதித்த கரிகாலன் அதற்கு ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு கொலையுண்டான். 1950 அக்டோபரில் ‘கல்கி’ இதழில் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கியபோது சோழர் வரலாறு படித்த எவருக்கும் இவை தெரிந்த செய்திகளே. இருந்தும் 1954 மே வரை வாசகர்கள் வாரந்தோறும் காத்திருந்தார்கள். புயல் கடலில் அருள்மொழி மூழ்கிவிடுவானோ என்று தவித்தார்கள், கரிகாலன் எப்படியாவது பிழைக்கட்டும் என்று விரும்பினார்கள். சாகமாட்டான் என்று தெரிந்தவனுக்காக அஞ்சுவதும், பிழைக்கமாட்டான் என்று தெரிந்தவனுக்காக நம்பிக்கை வைப்பதும் அறிவுக்குப் பொருந்தாத செயல்கள்போலத் தோன்றும். இவற்றை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கியவர்கள் உண்டு. ஆனால் சாகசக் கதையின் ஈர்ப்பு சமயங்களும் தத்துவங்களும் நெடுங்காலமாக விவாதித்துவரும் ஒரு கேள்வியிலிருந்துதான் வருகிறது: முடிவு முன்பே அமைந்துவிட்டது என்றால், மனித முயற்சிக்கு என்ன பொருள்?

இந்தக் கதைவடிவத்தின் அமைப்பே அந்தக் கேள்வியை எழுப்புகிறது. வால்டர் ஸ்காட் 1814இல் வெளியிட்ட ‘வேவர்லி’யில் ஒரு முறை நிலைபெற்றது: மன்னர்களும் போர்களும் பின்னணியில் நிற்க, பெரிய பதவி ஏதுமில்லாத ஓர் இளைஞன் முன்னால் நடப்பான். அலெக்சாந்தர் டூமா 1844இல் எழுதிய ‘மூன்று மஸ்கெட்டியர்கள்’ அதற்கு வாளும் குதிரையும் வேகமும் கொடுத்தது. அதன் நாயகன் தார்த்தன்யான் வரலாற்றில் உண்மையாகவே வாழ்ந்தவன். ஆனால் டூமாவுக்குக் கிடைத்தது அவன் பெயரில் வேறொருவர் 1700இல் எழுதிய போலி நினைவுக் குறிப்பு மட்டுமே. ‘பொன்னியின் செல்வ’னின் நாயகன் வந்தியத்தேவன் விஷயத்தில் அதுகூட இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜனின் அக்காள் குந்தவையைக் குறிப்பிடும்போது, வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று அவன் பெயர் வருகிறது. கல்கியின் கதைக்கு ஆதாரமாக நின்றது ஏறக்குறைய அந்த ஒற்றைப் பெயர்தான்.

இந்த ஏற்பாட்டில் மன்னனின் பிறப்பு, பட்டம், போர், இறப்பு எல்லாம் கல்லிலும் செப்பேட்டிலும் பதிந்து இறுகிவிட்டன. நாவலாசிரியன் அவற்றை மாற்ற முடியாது. ஓலை கொண்டு செல்லும் வீரனைப் பற்றிப் பெயருக்கு அப்பால் கல் மௌனம் காக்கிறது; அவன் எந்தப் பாதையிலும் போகலாம், யாரையும் காதலிக்கலாம், எந்தச் சுரங்கத்திலும் விழலாம். மேலே எல்லாம் நியதி, கீழே எல்லாம் சுதந்திரம். வந்தியத்தேவன் காஞ்சியிலிருந்து கொண்டு வருபவை இரண்டு ஓலைகள். தார்த்தன்யான் லண்டனுக்குப் போவது அரசியின் வைரங்களைத் திரும்பக் கொண்டுவர. அரசுகளின் போக்கைத் தீர்மானிக்கும் அதிகாரம் இருவரிடமும் இல்லை. ஒப்படைக்கப்பட்ட காரியத்தைத் தவறாமல் முடிப்பது மட்டுமே அவர்கள் கையில் இருக்கிறது. பெரும்பாலான மனிதர்களின் வாழ்க்கையும் இப்படித்தான் நடக்கிறது என்பதால், அரண்மனை வாசலை மிதித்திராத வாசகனும் இந்த வீரனைத் தன்னவனாக எண்ணுகிறான்.

தமிழ் மரபு இந்தக் கேள்வியை ஒரு பக்கமாகச் சாய்த்துத் தீர்த்துவிடவில்லை. திருக்குறள் அறத்துப்பாலின் கடைசி அதிகாரம் ஊழ். அதைவிட வலியது எதுவும் இல்லை என்று அந்த அதிகாரம் முடிகிறது. பொருட்பாலின் ஆள்வினையுடைமை அதிகாரமோ, தளராது முயல்பவர் ஊழையே பின்வாங்கச் செய்வர் என்று முடிகிறது. இரண்டும் ஒரே நூலில், ஒரே புலவர் வாக்கில் உள்ளவை. இதை முரண்பாடு என்று சொல்வதற்கு முன் ஊழ் அதிகாரத்தின் முதல் குறளை நிதானமாகப் பார்க்க வேண்டும். பொருள் சேர வேண்டிய ஊழ் மனிதனிடம் சோர்வின்மையாகவும், இழக்க வேண்டிய ஊழ் சோம்பலாகவும் வெளிப்படும் என்கிறது அது. அப்படியானால் ஊழ் வெளியே நின்று முயற்சியைத் தடுக்கும் சுவர் அன்று. முயற்சியின் வழியாகவே அது நடக்கிறது. முயற்சியை முற்றிலும் மறுத்தவர்களும் இருந்தார்கள். மற்கலியை ஆசானாகக் கொண்ட ஆசீவகர் எல்லாம் நியதிப்படியே நிகழும் என்றனர். மணிமேகலை அவர்களுடைய கொள்கையை எடுத்துரைக்கிறது. நீலகேசியில் அவர்களை மறுப்பதற்கென்றே ஒரு சருக்கம் உண்டு.

கிரேக்க ஸ்டோயிக் சிந்தனையாளர்களுக்கு எதிராக வைக்கப்பட்ட ஒரு வாதத்துக்குச் சோம்பல் வாதம் என்று பெயர். நோயாளி பிழைப்பது விதியானால் மருத்துவரை அழைத்தாலும் பிழைப்பான், அழைக்காவிட்டாலும் பிழைப்பான். ஆகவே அழைப்பது வீண் என்பது அந்த வாதம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரிசிப்பஸ் சொன்ன விடையைச் சிசரோ பதிவு செய்திருக்கிறார்: நோயாளி பிழைப்பது விதியானால், மருத்துவரை அழைப்பதும் அந்த விதியின் ஒரு கண்ணியே, ஒன்றை விட்டு மற்றொன்று நிகழாது. சரித்திர நாவலாசிரியன் செய்வதும் இதே வேலைதான். ராஜராஜன் பட்டத்துக்கு வருவான் என்பது உறுதி. ஆனால் அவன் வருவதற்கு ஓடக்காரப் பெண் பூங்குழலி அலைகளுக்கு நடுவே படகு செலுத்தி அவனைக் கரை சேர்க்க வேண்டும்; நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்தில் பிக்ஷுக்கள் அவனை நோயிலிருந்து மீட்க வேண்டும். 985 என்ற ஆண்டு இப்போது வெறும் எண்ணாக நிற்பதில்லை. பேர் பதியாத பலருடைய கைகள் சேர்ந்து அதைக் கொண்டுவருகின்றன. வரலாற்று நூல் தருவது முடிவை. நாவல் அந்த முடிவுக்குள் இருந்திருக்க வேண்டிய முயற்சிகளைக் கற்பித்துக் காட்டுகிறது. கற்பனைதான், ஆனால் அப்படி யாரோ சிலர் முயன்றிருக்காமல் எந்த முடிவும் வந்திராது என்பது கற்பனை அன்று.

இதே கேள்வியின் மிகக் கூரிய வடிவம் பகவத் கீதையின் பதினோராம் அத்தியாயத்தில் இருக்கிறது. எதிரே நிற்கும் வீரர்கள் ஏற்கெனவே தன்னால் கொல்லப்பட்டுவிட்டனர் என்றும், அர்ச்சுனன் கருவியாக மட்டும் நின்றால் போதும் என்றும் கண்ணன் சொல்கிறான். முடிவைச் சொன்ன பிறகும் போரிடு என்கிறான். சரித்திர நாவலில் இந்த அறிவு இடம் மாறுகிறது. நாயகனுக்கு எதுவும் தெரியாது. வாசகனுக்கு எல்லாம் தெரியும். கடவுளுக்குரியதென்று சமயங்கள் சொல்லும் முன்னறிவு சில மணி நேரம் வாசகன் கைக்கு வருகிறது. அவன் நெஞ்சோ மனிதனோடு சேர்ந்து துடிக்கிறது. இரண்டும் ஒரே வேளையில் நிகழ்வதுதான் இந்தக் கதைகள் தரும் தனி இன்பம். துப்பறியும் கதையில் இது கிடைக்காது, அங்கே வாசகனுக்கும் முடிவு தெரியாது. ஆறாம் நூற்றாண்டில் சிறையிலிருந்து எழுதிய போயதியஸ், கடவுள் ஒரு செயலை அறிவதால் அந்தச் செயல் கட்டாயமாகிவிடாது என்று வாதிட்டார். நாவல் வாசகன் அதைத் தன் அனுபவத்திலேயே அறிகிறான்: அவனுக்கு முடிவு தெரியும் என்பதற்காக வந்தியத்தேவனின் ஒரு துணிச்சல்கூடக் குறைந்துபோவதில்லை.

ஈர்ப்பு உச்சத்தைத் தொடுவது நாயகன் வெல்லும் இடங்களில் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. சிறந்த நாவல்களில் அது அவன் தோற்கும் இடங்களிலேயே நிகழ்கிறது. இங்கிலாந்தின் பக்கிங்ஹாம் பிரபுவை 1628இல் ஜான் ஃபெல்டன் என்பவன் போர்ட்ஸ்மத்தில் குத்திக் கொன்றான். டூமாவின் வீரர்கள் அந்தச் சதியை முன்பே அறிந்து, இங்கிலாந்துக்கு ஆள் அனுப்பி எச்சரிக்கிறார்கள். எச்சரிக்கை பலித்து, சதிகாரியான மிலேடி சிறைப்படுகிறாள். அவளுக்குக் காவலாக வைக்கப்படுபவனே ஃபெல்டன். அவள் அவன் மனத்தைத் திருப்பிக் கொலைக்கு அனுப்புகிறாள். தடுக்கச் செய்த முயற்சியே நிகழ்வுக்கு வழி திறந்துவிடுகிறது. டூமாவின் ‘இருபது ஆண்டுகளுக்குப் பிறகு’ நாவலில் தார்த்தன்யானும் அவன் தோழர் மூவரும் முதலாம் சார்லஸ் மன்னனைக் காப்பாற்ற முனைகிறார்கள். 1649 ஜனவரி 30 அன்று அவன் தலை வெட்டப்பட்டது என்ற உண்மையை எந்த வாளாலும் மாற்ற முடியாது. அவர்களில் ஒருவனான அத்தோஸ் கொலைமேடையின் அடியில் ஒளிந்திருக்கிறான். பலகை இடுக்கு வழியாக மன்னனின் குருதி அவன்மேல் சொட்டுகிறது. சாகச இலக்கியம் முழுவதிலும் இதற்கு நிகரான இடங்கள் மிகச் சிலவே.

‘பொன்னியின் செல்வ’னில் கடம்பூர் மாளிகை அப்படி ஓர் இடம். கரிகாலனுக்கு ஆபத்து நெருங்குகிறது என்று எல்லோருக்கும் தெரிகிறது. வானில் தோன்றும் வால்நட்சத்திரம் அரச குலத்தில் ஒரு சாவைச் சொல்வதாக நாடே அஞ்சுகிறது. அவனைக் காக்கும் பொறுப்பைக் குந்தவை வந்தியத்தேவனிடம் ஒப்படைக்கிறாள். அவன் தன்னால் ஆன அனைத்தையும் செய்கிறான். கொலை நடக்கும் நேரத்தில் அருகிலேயே இருக்கிறான். இருந்தும் காக்க முடியாமல், பழியும் தன்மேல் விழுந்து பாதாளச் சிறைக்குப் போகிறான். காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடிக் கல்வெட்டு, ரவிதாசன் முதலியோரைக் கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று பெயர் சொல்லிக் குறிக்கிறது. கல்வெட்டு அவ்வளவு சொல்லியும், யாருடைய கையால் அவன் விழுந்தான் என்பதைக் கல்கி திட்டவட்டமாக முடிக்கவில்லை. இதைக் குறை என்று கருதுவோர் உண்டு. அது நாவலின் வலிமை என்றே கொள்ள வேண்டும். பலருடைய வினைகள் வந்து கூடிய இடத்தில் ஒருவனை மட்டும் கொலையாளியாக நிறுத்தினால், ஊழ் என்ற சொல்லின் கனமே போய்விடும். பயன் விளையாத முயற்சியால் வந்தியத்தேவன் வாசகன் மனத்தில் சிறியவனாகவில்லை. முயற்சியின் மதிப்பு அதன் பயனில் மட்டும் இல்லை என்பதைக் கீதை கொள்கையாகச் சொல்கிறது. கடம்பூர் அத்தியாயங்கள் அதை ஒரு மனிதனின் அவமானத்தில் வைத்துக் காட்டுகின்றன.

நியதிக்கு உட்பட்ட சுதந்திரத்தின் இன்னொரு வடிவம் துறவு. ராஜேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு, மக்கள் வேண்டியும் அருள்மொழி அரசை ஏற்கவில்லை என்றும், தன் சிற்றப்பன் உத்தம சோழன் அதை விரும்பும்வரை தனக்கு வேண்டாம் என்று இருந்தான் என்றும் சொல்கிறது. இந்த விட்டுக்கொடுத்தலை வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரி ஐயத்தோடு பார்த்தார். கரிகாலன் கொலையில் உத்தம சோழனுக்குப் பங்கிருக்கலாம் என்று கருதினார். கல்கி வேறு வழியைத் தேர்ந்து, நாவலின் ஐந்தாம் பாகத்துக்குத் ‘தியாக சிகரம்’ என்று பெயரிட்டார். இரண்டு வாசிப்பிலும் நிகழ்ந்தது ஒன்றே: முதலில் உத்தம சோழன் ஆண்டான், பிறகு ராஜராஜன். அரசியல் கட்டாயத்தால் காத்திருந்தவனா, மனம் உவந்து விட்டுக்கொடுத்தவனா என்பதில்தான் அறத்தின் முழு வேறுபாடும் அடங்கியிருக்கிறது. அந்த உள்மனத்தைக் கல்வெட்டு காட்டாது. இந்தத் தேர்வில் நாவலாசிரியன் உண்மையைத் திரித்தான் என்று சொல்ல இடமில்லை. ஆவணம் திறந்துவிட்ட இடத்தில் உயர்ந்ததைத் தேர்ந்தான்.

எல்லாச் சரித்திர நாவல்களும் இந்தக் கேள்வியின் பாரத்தைத் தாங்குவதில்லை. சாண்டில்யனின் ‘கடல் புறா’, ‘யவன ராணி’ போன்றவற்றில் கடற்போரும் காதலும் விறுவிறுப்பாக நடக்கின்றன. நாயகனின் வெற்றி எங்கும் ஐயத்துக்கு உள்ளாவதில்லை என்பதால் ஊழ் அங்கே ஒரு கேள்வியாக எழுவதும் இல்லை. இன்னொரு கேடு பெரிது. மன்னனின் வெற்றியைத் தன் குலத்தின் வெற்றியாக எண்ணி மயங்கும் வாசகனுக்கு, எரிந்த ஊர்களின் ஓலம் கேட்காமல் போகும். கல்கியே இதற்கு எதிர்மருந்தையும் தந்திருக்கிறார். 642இல் மாமல்லன் எனப்பட்ட பல்லவன் நரசிம்மவர்மன் சாளுக்கியரின் தலைநகர் வாதாபியைக் கைப்பற்றினான். ‘சிவகாமியின் சபத’த்தில் அந்த வெற்றியால் ஆடல்மகள் சிவகாமியின் சபதம் நிறைவேறுகிறது, அவளுடைய வாழ்வு நிறைவேறவில்லை. ஊர் திரும்பும்போது, அவள் காதலித்த மாமல்லன் இன்னொருத்தியின் கணவன். அவள் ஏகாம்பரநாதருக்குத் தன்னை ஒப்புக்கொடுக்கிறாள்.

அதே நாவலில் காஞ்சிக்கு வந்து சேரும் இளைஞன் பரஞ்சோதி, வந்தியத்தேவனைப் போலவே ஓலை சுமந்து ஆபத்துகளுக்குள் நுழைந்து, பின்னர் வாதாபி மீது சென்ற பல்லவப் படையின் தளபதியாகிறான். பெரிய புராணம் அவரை அறுபத்து மூவருள் ஒருவரான சிறுத்தொண்டர் என்று போற்றுகிறது. அவர் சிவனடியார் என்று அறிந்த மன்னன், போருக்கு அனுப்பியதற்காக வருந்தி, நிதி தந்து விடைகொடுக்க, அவர் திருச்செங்காட்டங்குடிக்குத் திரும்பித் தொண்டில் நிற்கிறார். பிறகு இறைவன் அடியார் வேடத்தில் வந்து அவரிடம் கேட்பது வீரத்தையோ திறமையையோ அன்று, பெற்ற மகனை. அங்கே முயற்சிக்கும் ஊழுக்கும் இடையிலான பழைய வழக்கு பொருளற்றதாகிவிடுகிறது, ஏனெனில் ‘என் முயற்சி’ என்று சொல்லத்தக்க எதையும் அடியார் தனக்கென வைத்துக்கொள்ளவில்லை. சாகச நாவலுக்கு ‘நான் செய்து முடிப்பேன்’ என்று புறப்படும் ஒருவன் வேண்டும். ஆகவே பரஞ்சோதியின் வாழ்வில் அது துணைவரக்கூடிய தூரம் வாதாபி வரைதான். செங்காட்டங்குடியில் நடந்ததைச் சொல்லும் உரிமை புராணத்துக்கு உரியது.