காவலில் உயிர் நீத்தோருக்கு நாம் செலுத்த வேண்டிய ஹக்கு

1959ஆம் ஆண்டு அக்டோபர் 21ந் தேதி லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனத் துருப்புகளின் தாக்குதலில் நம் நாட்டுப் போலீஸ் படையினர் பத்துப் பேர் மாண்டனர். அதன் நினைவாக ஆண்டுதோறும் அந்நாளில், கடமையில் உயிர் நீத்த காவலர்களுக்கு நாடெங்கும் மரியாதை செலுத்தப்படுகிறது. 2018ல் புதுடில்லியில் அவர்களுக்கென ஒரு தேசிய நினைவுச் சின்னமும் திறக்கப்பட்டது.

"சம்பளத்துக்குத்தானே வேலை செய்தார்கள், இதில் தனிச் சிறப்பென்ன?" என்று சிலர் கேட்கின்றனர். சிந்திப்போம். சம்பளம் உழைப்புக்கும் நேரத்துக்கும் உரிய கூலி. உயிருக்குக் கூலி பேசியவர் எவருமில்லை. 2008 நவம்பர் 26 இரவு, மும்பை கிர்காம் கடற்கரையருகே துக்காராம் ஓம்ப்ளே என்னும் காவலர், தம் கையில் துப்பாக்கியில்லாமலேயே கொலையாளியின் துப்பாக்கிக் குழலைப் பற்றிக் கொண்டார். குண்டுகள் அவர் உடலைத் துளைத்தன. கொலையாளி உயிரோடு பிடிபட்டான். எந்தச் சம்பளம் இதற்கு ஈடாகும்?

"அவர் நம் மார்க்கத்தவரல்லவே" என்பாருக்கும் பதிலுண்டு. யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்து சென்றபோது நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அதுவும் ஓர் உயிர்தானே என்று உணர்த்தினார்கள். ஸஹ்ல் இப்னு ஹுனைஃப் (ரலி), கைஸ் இப்னு ஸஅத் (ரலி) ஆகிய ஸஹாபாக்கள் காதிஸிய்யாவில் இதை நினைவுகூர்ந்து அவ்வாறே நின்றதை புகாரி ஷரீஃபில் காண்கிறோம்.

"காக்கி உடையில் அநியாயம் செய்வோரும் உண்டே" என்பதும் உண்மைதான். நாம் மதிப்பது உடையை அல்ல; அமானத்தைக் காத்த மனிதரை. ஒருவர் அதைக் காக்க உயிரையே கொடுத்தார் என்றால், அதே அமானத்தை மோசம் செய்பவரின் குற்றம் இன்னும் பெரிதாகிறது. அவரைத் தட்டிக் கேட்பதும் மாண்டவருக்குச் செய்யும் மரியாதையே.

ஆனால் மரியாதை எதில் இருக்கிறது? மலர் வளையம் மறுநாள் வாடிவிடும். ஹிஜ்ரி 8ல் மூத்தா போரில் ஜஃபர் (ரலி) ஷஹீதான செய்தி வந்ததும், துக்கத்திலிருக்கும் அக்குடும்பத்துக்கு உணவு சமைத்துக் கொடுக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். யத்தீம்களான அப்பிள்ளைகளின் பொறுப்பையும் ஏற்றார்கள். நமக்கு வழி இதுவே.

நம் தெருவிலோ பக்கத்து ஊரிலோ அத்தகைய காவலரின் வீடு இருக்கலாம். அவர் மனைவிக்கு ஓய்வூதியத்துக்கு மனு எழுதித்தர ஆள் வேண்டும். பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் வேண்டும். எந்த மதத்தவராயினும் அவ்வீட்டுக் கதவை நாம் தட்டுவோமாக! அந்த ஹக்கை நிறைவேற்ற அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.