கைப்பொருளும் கைவேலையும்: பரிசின் பெறுமதி பற்றிய ஒரு நோக்கு

பரிசளித்தல் எளிய செயலாகத் தோன்றினும், பரிசின் பெறுமதி எதில் உறைகின்றது என்னும் வினா எளிதன்று. பெருவிலை கொடுத்துக் கடையில் வாங்கிய பொருளினும், வீட்டிலிருந்து கையாற் செய்த சிறு பொருளே சிறந்தது என்பர் பலர். அங்ஙனம் கூறுவோரே தம் இல்லத் திருமணத்துக்கு வந்த பரிசுகளை விலைகொண்டு நிறுத்துப் பார்ப்பதும் உலகியல்பு. அவ்வாறாயின் கைவேலைப் பரிசின் உயர்வு உண்மைதானா, அன்றி இல்லாமையை மறைக்க நாம் போர்த்தும் அழகிய போர்வையா? பழைய கைவினைக் கிராமமும் தோட்டத் தொழிலாளரின் லயமும் அருகருகே அமைந்துள்ள மாத்தளை மாவட்டம் இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும்.

இரத்தோட்டை, எல்கடுவை, உக்குவளை முதலிய இடங்களைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் பரிசுக்குரிய மூலப்பொருளுக்குக் குறைவில்லை. தேங்காய்ச் சிரட்டையைத் தேய்த்துக் கிண்ணமாக்கலாம். கராம்பும் ஏலமும் இட்டுச் சிறு துணிப்பை தைக்கலாம். மாணவர் தாமே வரைந்த பொங்கல் வாழ்த்து அட்டை ஒன்று நண்பரைச் சென்றடையலாம். இவற்றுள் மிக எளியது, நைந்த சேலைகளை அடுக்கித் தைத்துப் பிறந்த குழந்தைக்கு அளிக்கும் விரிப்பாகும். அதற்கு ஊசியும் நூலுமன்றி வேறு செலவில்லை. சந்தையில் அதற்கு விலையும் இல்லை. எனினும் அதனைப் பெற்ற தாய் அதை எளிதில் எறிந்துவிடுவதில்லை. இதன் காரணம் யாது?

குறைந்த செலவே காரணம் எனச் சிலர் கூறுவர். வள்ளன்மை கொடுக்கப்பட்ட பொருளின் அளவைப் பொறுத்ததன்று, கொடுப்பவரின் உடைமையைப் பொறுத்தது என்பது அரிஸ்டோட்டில் தம் அறவியல் நூலில் நிறுவிய கருத்து. குசேலர் கந்தையில் முடிந்து சென்ற அவலை வெளிக்காட்ட நாணினார். கண்ணனோ அதனை விரும்பி உண்டான். ஆனால் அவலின் பெருமை அதன் மலிவில் இல்லை. கொடுத்தவரிடம் வேறொன்றும் இல்லாமையிலேயே இருந்தது. பெருஞ்செல்வர் ஒருவர் அதே அவலைக் கொடுத்து எளிமையைப் புகழ்வாராயின், அது வள்ளன்மையன்று, கருமித்தனமே. எனவே மலிவு மட்டும் பரிசை உயர்த்தாது.

கையாற் செய்யப்பட்டமையே காரணம் எனின், மாத்தளையின் வரலாறு அதனை மறுக்கின்றது. இம்மாவட்டத்து ஹபுவிடக் கிராமம் அரக்கு வேலைக்குப் பெயர்பெற்றது. அரக்கைச் சூடாக்கி மெல்லிய இழையாக இழுத்து, மரத்தின்மீது கட்டைவிரல் நகத்தாற் பதித்துக் கோலம் அமைக்கும் நுண்கலை அங்கு தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்டது. 1908இல் வெளிவந்த ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் நூலில் ஆனந்த குமாரசுவாமி இத்தகைய கைவினைகளை வியந்து போற்றியதோடு, அவை எந்தச் சமூக ஒழுங்கில் வளர்ந்தன என்பதையும் விளக்கினார். கண்டி அரசிற் கைவினைஞர் தாம் அனுபவித்த நிலத்துக்கு ஈடாகத் தம் கைவேலையை அரசனுக்கோ கோயிலுக்கோ கடனாக அளிக்க வேண்டியிருந்தது. இராசகாரியம் எனப்பட்ட இக்கட்டாய ஊழியத்தைக் கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரையை அடுத்து 1830களின் தொடக்கத்தில் ஆங்கில அரசு நீக்கியது. அரசன்முன் வைக்கப்பட்ட பொருள் எத்துணை அழகிய கைவேலையாயினும், மறுக்க இயலாத நிலையில் கொடுக்கப்பட்டபோது அது பரிசன்று, திறையே.

கட்டாயம் அரசனிடமிருந்து மட்டும் வருவதன்று. பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் வெளியிட்ட ஆய்வில், விருப்பத்தாற் கொடுக்கப்படுவதாகத் தோன்றும் பரிசுக்குள்ளும் கொடுத்தல், ஏற்றல், திருப்பித் தருதல் என்னும் மூன்று கடமைகள் மறைந்துள்ளன எனக் காட்டினார். மொய் எழுதும் குறிப்பேட்டை அறிந்த தமிழர்க்கு இது புதுமையன்று. வறியவர்க்குக் கொடுப்பதையே ஈகை எனக் கொண்டு, ஏனைய கொடைகளைக் குறியெதிர்ப்பை என வள்ளுவர் ஒதுக்கியதும் இவ்வுண்மையை உணர்ந்தே. அங்ஙனமாயின் கைவேலைப் பரிசுக்கு எஞ்சி நிற்கும் சிறப்பு எது?

தோட்ட வாழ்வு இதற்கு விடை தருகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கியோர், காட்டுவழியே நடந்து தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். வழியில் மாண்டோர் பலர். எஞ்சியோரின் பொழுது அன்றுமுதல் அளந்து வாங்கப்பட்டது. பறித்த கொழுந்து விதித்த நிறையை எட்டாவிடின் ‘அரைப்பேர்’ மட்டுமே போடும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் நிலவியது. பிரட்டுக்களத்திற் பெயர் கூப்பிடும் நேரந்தொட்டுக் கொழுந்து நிறுக்கும் நேரம்வரை ஒரு பெண்ணின் கைகள் கூலிக்கு விற்கப்பட்டவை. பின்பு அடுப்பும் தண்ணீர்க் குடமும் அவளை அழைக்கின்றன. இவையெல்லாம் போக எஞ்சும் அரைமணிப் பொழுதே அவளுக்கு உரியது. அப்பொழுதில் அவள் பழஞ்சேலையை மடித்துத் தைக்கத் தொடங்குவாளாயின், அண்டை வீட்டுக் குழந்தைக்கு அவள் அளிப்பது துணியன்று; எவர்க்கும் விற்காத தன் பொழுது. பணம் கொடுத்து வாங்கிய பொருளில், முன்னரே விற்கப்பட்ட பொழுது உறைந்துள்ளது. கையாற் செய்த பொருளிலோ விலைக்கு அகப்படாத பொழுது உறைந்துள்ளது. விருப்பத்தோடு பிறர்க்கு ஒதுக்கிய பொழுதே கைவேலைப் பரிசின் பெறுமதி.

இக்கருத்துக்கு ஒரு தடை எழுப்பப்படலாம். கைவேலையைப் புகழ்வோர் பெரும்பாலும் அதனைச் செய்வோர் அல்லர். ஊசி பிடிக்காத ஆடவர் இல்லத்துப் பெண்டிரின் கைத்திறனைப் போற்றுவதும், அப்போற்றுதலே நாளடைவில் எதிர்பார்ப்பாகி அவர்தம் உறக்கத்தைப் பறிப்பதும் காணக்கூடியனவே. இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. வழக்கத்துக்கு அஞ்சி நள்ளிரவில் விளக்கின்முன் அமர்ந்து தைக்கப்படும் விரிப்பு, இல்லத்துக்குள் புகுந்த இராசகாரியமே. ஆகவே கைவேலைப் பரிசு போற்றற்குரியது; ஆனால் கேட்டுப் பெறற்குரியதன்று.

இன்னுமொன்றும் நோக்கற்பாலது. எளிய பரிசைப் புகழ்வது எளியோரின் வறுமையைப் புகழ்வதாகிவிடலாகாது. அரைமணிப் பொழுதிலிருந்து ஒருத்தி கொடுப்பது பெருமைக்குரியதாயின், அவளுக்கு அரைமணி மட்டுமே எஞ்சியிருப்பது சிறுமைக்குரியது. அச்சிறுமை அவளுடையதன்று, சமூகத்தினுடையது. கைவேலைப் பரிசின் மேன்மையை உண்மையாக உணர்ந்தோர், உழைப்போர்க்கு நியாயமான கூலியும் ஓய்வும் வேண்டும் என்பதையும் உடன் ஏற்றல் வேண்டும்.

இறுதியாக, உதவியின் அளவு அதைப் பெற்றவரின் பண்பைப் பொறுத்தது என்பது வள்ளுவர் கருத்து. சேலை விரிப்பைப் பெற்றவர் அதன் துணியை மட்டும் காண்பாராயின் அது பழந்துணியே. அதிலுள்ள தையல்களைக் கண்டு, ஒவ்வொன்றும் எந்நேரத்தில் எக்களைப்பினூடே இடப்பட்டது என எண்ணிப் பார்ப்பாராயின், அதற்கு ஈடாக அனுப்பத்தக்க பொருள் எக்கடையிலும் இல்லை என உணர்வார். மொய்க் குறிப்பேட்டில் எழுத இயலாத கடன் அது. தம் பொழுதிலும் ஒரு பகுதியைப் பிறர்க்கு விருப்பத்தோடு ஒதுக்குவதே அக்கடனைத் தீர்க்கும் வழி.