துலாக்கோலை ஏந்தும் கைகள்

பணிக்குச் செல்லும் தாய்மாரைப் பற்றிப் பேச்சு எழுந்தால், துலாக்கோல் உவமை தவறாமல் வந்துவிடுகிறது. ஒரு தட்டில் குழந்தை; மறு தட்டில் தொழில். கோல் சாயாமல் காப்பது அப்பெண்ணின் கடன் என்று நாமும் தலையசைத்து விடுகிறோம். தந்தையாகிய பொறியாளரிடம் இவ்வினாவை எவரேனும் கேட்டதுண்டா? அது நிற்க. அவ்வுவமைதான் பொருந்துமா என்பதை இந்தியாவின் முதற் பெண் பொறியாளராகிய அ. லலிதாவின் வாழ்வைக் கொண்டு ஆராய்வோம்.

லலிதா 1919-இல் சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர். பதினைந்து வயதில் மணம். பதினெட்டில் ஒரு பெண் மகவு. அம்மகவுக்கு நான்கு திங்களே ஆன நிலையில் கணவர் மறைந்தார். அந்நாளில் கைம்பெண்ணுக்கு விதிக்கப்பட்ட வாழ்வு எத்தகையது என்பதை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். தந்தையார் பப்பு சுப்பா ராவ் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் மின்பொறியியற் பேராசிரியர். அவர் முயன்று 1940-இல் மகளை அங்கேயே சேர்த்தார். பட்டச் சான்றிதழில் அச்சாகியிருந்த ஆண்பாற் சொல்லை அடித்துப் பெண்பாலாகத் திருத்தித் தர வேண்டியிருந்தது!

மருத்துவமே பெண்டிர்க்கு ஏற்ற தொழில் என்று கருதப்பட்ட காலம் அது. நள்ளிரவில் அழைப்பு வந்தால் குழந்தையை விட்டு ஓட நேருமே என்றஞ்சி, மாலையில் வீடு திரும்ப இடந்தரும் பொறியியலை அவர் தேர்ந்தார் என்பர். இங்கேதான் துலாக்கோல் முறிகிறது. குழந்தை எதிர்த்தட்டில் இருந்த சுமையன்று. அத்தொழிலை அவர் மேற்கொண்டதே குழந்தையின் பொருட்டு.

பின்னர்ச் சிம்லாவிலும், நெடுங்காலம் கல்கத்தாவில் ஒரு மின்பொறி நிறுவனத்திலும் பணியாற்றினார். பக்ரா நங்கல் அணையின் மின்பணிகளில் அவர் பங்குண்டு. 1964-இல் நியூயார்க்கில் கூடிய முதல் அனைத்துலகப் பெண் பொறியாளர், அறிவியலாளர் மாநாட்டிற்கும் சென்று வந்தார். 1979-இல் மறைந்தார்.

கல்கத்தாவில் அவர் தங்கியது உடன்பிறந்தார் இல்லத்தில். அவர் அலுவலகம் சென்ற பொழுதுகளில் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் அந்த உடன்பிறந்தாரின் மனைவி. லலிதாவின் பெயர் நூல்களில் ஏறிவிட்டது. அந்த அம்மையாரின் பெயரை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? ஒருத்தியின் உயர்வு மற்றொருத்தியின் ஊதியமற்ற உழைப்பின்மேல் நிற்குமாயின், அந்தக் கடன் யாருடையது? உயர்ந்தவளுடையது என்று கூறுவது எளிது, அது நேர்மையன்று. அக்கடனில் பங்கேற்க வேண்டிய ஆடவரும் அலுவலகங்களும் கணக்கில் வராமலே தப்பிவிடுகின்றனரே.

அமெரிக்காவில் மேரி ஜாக்சன் என்ற கறுப்பினப் பெண்மணி, இரு மக்களின் தாய், 1958-இல் நாசாவின் பொறியாளரானார். அதற்குரிய பாடங்களை வெள்ளையர் பள்ளிக் கட்டடத்தில் பயில நகராட்சியிடம் தனி அனுமதி பெற வேண்டியிருந்தது. அவருடைய வழியை அடைத்து நின்றது தாய்மையன்று, நிறவெறிச் சட்டம். ஆயினும் இத்தகையோரிடம் இன்றும் வீட்டையும் தொழிலையும் எவ்வாறு சமன் செய்தீர்கள் என்றே கேட்கிறோம்.

சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இது அயலார் கதையன்று. திருப்பதியில் 1983 முதல் மகளிர்க்கெனப் பல்கலைக்கழகமே உண்டு; நம் பெண்கள் பொறியியல் பயின்று தொழிற்சாலை வேலைக்கும் போகின்றனர். ஆனால் லலிதாவுக்கு வாய்த்த கூட்டுக் குடும்பத்தை நாம் வேலூரிலோ காஞ்சியிலோ விட்டு வந்துவிட்டோம். பேரக்குழந்தை பிறந்ததும் பாட்டியை இங்கே அழைத்துக்கொள்கிறோம். சுற்றமும் கோவிலும் பேச்சுத்துணையும் அங்கிருக்க, அந்த மூதாட்டி மாடிக் குடியிருப்பொன்றில் தெலுங்கு புரியாமல் பகலைக் கழிக்கிறாள். அவளிடம் விருப்பம் கேட்ட வீடுகள் எத்தனை?

கோப்புகளோடு காலந்தள்ளும் நமக்கு விதிகளும் ஓரளவு தெரியும். மத்திய அரசுப் பணியிலுள்ள பெண்டிர்க்கு 2008 முதல் மகப்பேற்று விடுப்பு 180 நாள். குழந்தைப் பராமரிப்பு விடுப்புப் பணிக்காலம் முழுமைக்கும் 730 நாள். ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பகம் அமைக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. தந்தையர்க்கு உரியதோ பதினைந்தே நாள். அந்தப் பதினைந்தையும் எழுதிக் கேட்கக் கூச்சப்பட்டு, ஊரிலிருந்து மாமியார் வந்துவிட்டார் என்று மூன்றாம் நாளே மேசைக்குத் திரும்பும் நண்பர்களை நாம் நாள்தோறும் காண்கிறோம்.